கையால் கிளப்பும் மோட்டார்

படகு மோட்டார்க் கடைக்குள் நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தையல்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கணவர் வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஒப்புக்கு நாலு மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், குனிந்து விசிறியைச் சுற்றிவிட்டார். கண் என்னவோ மூலையில் தண்ணீர் டிரம்மில் மாட்டியிருந்த ஆறு ஹெச்.பி. மோட்டார் மேலேயே இருந்தது.

துறைமுகத்தில் அவருக்கு ‘மாலுமி’ என்று பெயர். முப்பத்தைந்து வருஷம் நில அளவை ஆபீசில் வரைபடம் வரைந்தவர், ஓய்வு பெற்ற மறு மாதமே பதினெட்டு அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். கேலிக்கு வைத்த பெயரைப் பட்டமாக எடுத்துக்கொண்ட மகாராசன்! பாய் விரிக்கத் தெரியும், காற்றுப் பார்க்கத் தெரியும், அதெல்லாம் பொய் இல்லை. தனக்கு ஏதாவது என்றால் வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியாது.

“பாய் இருக்கும்போது மோட்டார் எதுக்குன்னு நிறையப் பேர் கேப்பாங்க சார்,” என்றார் கடைக்காரர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. “துறைமுக வாய் இருக்கு பாருங்க, ரெண்டு பக்கமும் கல்லுச் சுவர். உள்ள வந்ததும் காத்து பொட்டுனு நின்னுடும். தண்ணி மட்டும் இழுத்துக்கிட்டே இருக்கும். அப்ப மோட்டார் பிடிக்கலன்னா நேரா கல்லுதான். போன வருஷம் ஒருத்தர்...” அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அவருக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

“அது பழைய மோட்டார்மா. இது அப்படியில்ல.”

கேட்டது ஆளைப் பற்றி, வந்த பதில் மோட்டாரைப் பற்றி.

“பட்டனை அழுத்தினா கிளம்புற மாதிரி இல்லையா?”

“இருக்கும்மா. வரவழைக்கணும். மூணு வாரம் ஆகும், பேட்டரி வேற தனியா வைக்கணும்.”

“மூணு வாரமா!” மாலுமி சிரித்தார். “நாளைக்குக் காலைல எதிர்த்தீவுக்குப் போறோம்னு துறைமுகம் பூராச் சொல்லியாச்சு. அப்புறம் காத்து மாறிடும்.”

“ஏங்க, இதை என்னால இழுக்க முடியாதே.”

“நீ எதுக்கு இழுக்கணும்? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?”

குத்துக்கல்தான்! போன மாதம் இதே குத்துக்கல் குளியலறைத் தரையில் மல்லாந்து கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிடக் கூப்பிடப் பதில் இல்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நாலு நிமிஷம் கதறினாள். கண் விழித்ததும் அந்த மனுஷன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “மககிட்ட மூச்சு விடாதே.” அதன் பிறகு டாக்டரும் கிடையாது, பேச்சும் கிடையாது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று அவளும் ஒரு மாதமாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

கடைக்காரர் சிவப்புச் சுருள் கயிறு ஒன்றை எடுத்துக் காட்டினார். “இதை மணிக்கட்டுல மாட்டிக்குங்க சார். தப்பித் தவறித் தண்ணில விழுந்தாலும் மோட்டார் தானா நின்னுடும்.”

“நின்னதுக்கப்புறம் யாரு கிளப்புறது?” என்றாள் அவள்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, “நீங்களும் ஒரு தடவை இழுத்துப் பாத்துடுங்கம்மா,” என்றார்.

முப்பது வருஷம் துணி வெட்டித் தைத்ததில் அவளுடைய வலது தோள் இறுகிப் போயிருந்தது. சட்டை மாட்டவே பக்கவாட்டில் வளைய வேண்டும். இடது கையால் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். கயிறு பாதி வந்து சடக்கென்று நின்றது. மறுபடி இழுத்தாள். மோட்டார் ஒரு முக்கு முக்கி அடங்கியது. மாலுமி வந்து ஒரே இழுப்பில் கிளப்பினார். டிரம்மில் தண்ணீர் கொதித்தது.

“பாத்தியா?”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்தினாள். “போன மாசம் குளியலறையில பேச்சு மூச்சில்லாம கிடந்தாருங்க! நடுக்கடல்ல அப்படி ஆனா நான் என்ன செய்வேன்?”

மாலுமி மோட்டாரை நிறுத்தினார். கடைக்காரர் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

“சோப்புல வழுக்கி விழுந்தேன் சார்,” என்றார் மாலுமி. “இவ அதை இதிகாசமாக்கிட்டா.” குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை. கடைக்காரரும் சிரித்தார். என்ன செய்வார், வியாபாரம் இருக்கிறதே.

பிறகு மாலுமி அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “பயமா இருந்தா நீ வராதே. நான் தனியாப் போய்க்கறேன்.”

மானத்தை விட்டுச் சொல்லியும், ஆளைத் தனியாக அனுப்பும்படியல்லவா ஆகிவிட்டது!

“நானும் வர்றேன்,” என்றாள்.

கடைக்காரர் உத்தரவாதச் சீட்டு எழுத மேஜைக்குப் போனார். இருபத்தைந்து கிலோ மோட்டாரை மாலுமி டிரம்மிலிருந்து தானே கழற்றித் தூக்கினார். அவள் ஒரு பக்கம் பிடிக்கப் போனாள், முழங்கையால் தள்ளிவிட்டார். நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டு வரவில்லை. மோட்டாரை மெதுவாகத் தரையில் இறக்கினார். சுவரில் கை வைத்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நெற்றி முழுக்க வியர்வை. உதட்டில் அதே நீலம்.

“என்னங்க!”

அவர் கையை உயர்த்தி அவளைப் பேசவிடாமல் தடுத்தார். கடைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், எதையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது, உதட்டில் சிவப்பு திரும்பியது.

“வேண்டாங்க. நாளைக்கு வேண்டாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“சொன்னது சொன்னதுதான்,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். “அண்ணே, இதை இன்னொரு தடவை டிரம்ல மாட்டுங்க. நான் இழுத்துப் பழகணும்.”

இப்போது கணவர் சீறுவார், கடையில் வைத்து என் மானத்தை வாங்காதே என்பார் என்று காத்திருந்தாள். அவர் தடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் மறுபேச்சு வைத்திருந்த மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கிலி பிடித்தது அப்போதுதான்.

கடைக்காரர் மாட்டிக் கொடுத்ததும் இடது காலை டிரம்முக்கு முட்டுக் கொடுத்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், தோளில் நெருப்பு பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏழு தடவை, எட்டு தடவை. மோட்டார் முக்கி முக்கி அடங்கியது.

“விடுங்கம்மா, சார்தான் இருக்காரே,” என்றார் கடைக்காரர்.

மாலுமி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

“இன்னொரு தடவை இழு,” என்றார்.