சிங்கப்பூரில் குற்றம், அம்பத்தூரில் வம்பு

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் கணினிக் குற்றத்துக்குத் தனிச்சட்டம் இருந்தது, நம்மிடம் இல்லை* என்று ஒப்பிட்டு இரண்டு பத்தி எழுதினேன். மூன்றாவது பத்தியில் லோகநாயகி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

(*இங்கே 2000-இல் வந்தது. இந்தக் கதை 1999.)

2

‘அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தி சாயும் வேளை...’

வேண்டாம். அவள் அந்தியைப் பார்க்கவில்லை. தையல் கம்பெனி விட்டதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடிக்கொண்டிருந்தாள். கணவன் உலகநாதன் சிங்கப்பூரில் வெல்டர். கல்யாணமான நாலாம் மாதமே போனவன். சென்டர் நடத்திய ஜம்புலிங்கம்தான் அவளுக்கு மெயில் திறந்து கொடுத்தான். பாஸ்வேர்டும் அவன் வைத்ததே.

ஒருநாள் பாடி பஸ் ஸ்டாப்பில், கூட வேலை செய்யும் தாயம்மாள் கேட்டாள்: “இன்னா நாயகி, உன் ஊட்டுக்காரரு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டுகினு அழுவறாராமே?”

உலகநாதன் அதை மெயிலில் எழுதியது அவள் ஒருத்திக்கு மட்டும்.

3

ஜம்புலிங்கத்தை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. “சும்மா படிச்சேன் தங்கச்சி, சினிமா கணக்கா இருந்துச்சு” என்று சிரிக்கிறான்.

ஸ்டேஷனில் ஏட்டு ராஜசேகரன் அவளை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். “தபாலைப் பிரிச்சிருந்தா எதுனா பண்ணலாம்மா. இதுக்கு இன்னா செக்‌ஷன் போடறது?”

ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து உலகநாதனைக் கூப்பிட்டாள்.

“இங்கன்னா இதுக்கு ஜெயிலு, நாயகி. சூப்பர்வைசர் சொன்னாரு.”

“அவன் இங்க கீறானே, மாமா.”

(எழுதிய ஊரில் குற்றம், வாசித்த ஊரில் வம்பு. கட்டுரையில் மிஞ்சியது இந்த ஒரு வரிதான்.)

“இனிமே அழுவறத எழுத மாட்டேன்.”

“அழுவாம இருப்பியா?”

போனில் அவன் மூக்கை உறிஞ்சினான்.

“அப்போ எழுது. எனுக்குத்தான எழுதற.”

4

அவள் ஜம்புலிங்கத்தை அறைந்ததாக ஒரு முடிவு எழுதினேன். உலகநாதன் வேலையை உதறிவிட்டு விமானமேறியதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் செய்தது வேறு.

மறுநாள் அதே சென்டருக்குப் போனாள். “பாஸ்வேர்ட மாத்தணும். எப்படின்னு காட்டு. காட்டிட்டு வாசல்ல போய் நில்லு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜம்புலிங்கம் காட்டினான். பிறகு சிரிக்காமல் எழுந்து போய், தெருவைப் பார்த்து நின்றான். அவள் புது பாஸ்வேர்டை ஒற்றை விரலால் தட்டினாள். பூத்துக்குப் போய், வாயருகே கையைக் குவித்து அதை உலகநாதனுக்குச் சொன்னாள். அவன் சிரித்தது பூத்துக்காரருக்கே கேட்டது.

அந்தச் சொல்லை எழுதிவிட ஆசிரியனுக்கு உரிமை உண்டு. எழுதப் போவதில்லை. நானும் வாசலில்தான் நிற்கிறேன்.

வாருங்கள், ஜம்புலிங்கத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் நிற்கலாம்.