பேர் மட்டும்

அம்மா வேன் சாவியை அப்பாவின் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக்குள் ஏற்கெனவே அவருடைய மூக்குக்கண்ணாடியும் சீப்பும் பாதி தீர்ந்த தைலப் புட்டியும் போய்ச் சேர்ந்திருந்தன. சாவியில் கோத்திருந்த சின்ன வேல் பையின் விளிம்பில் சிக்கி உள்ளே போக மறுத்தது.

"அவரு வண்டி, அவரோடயே போவட்டும்," என்றாள் அம்மா ஜெகதீஸ்வரி. "கடனும் இதோட முடிஞ்சிச்சு."

காமினி பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். நேற்று காலை, மாதக் கூலிக்கு ஏற்றிப்போகும் பிள்ளைகளை டியூஷனில் இறக்கிவிட்டு வந்த அப்பா, வேனை நிறுத்தி, கீழே இறங்கி, நான்கு படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். அதோடு சரி. புவனேஸ்வரன் என்ற மனிதர் வாழ்க்கையில் அவசரப்பட்டுச் செய்த ஒரே காரியம் அதுதான்.

"பேங்க்ல இன்சூரன்ஸ் இருக்கும்லா," என்றார் ராமசாமி சித்தப்பா. "ஆள் போனா மிச்சத்த வெட்டிருவான். என் கூட்டாளி வீட்டுக் கடன அப்படித்தான் வெட்டுனான்."

சாவு வீட்டில் பேங்க் மேனேஜர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவின் முகத்தில் நேற்றிலிருந்து முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது. அதைக் கெடுக்கக் காமினிக்கு வாய் வரவில்லை.

கூட்டாளியின் வீட்டுக் கடன் கூட்டாளியின் பேரில் இருந்தது. இந்த வேன் கடன் அப்பாவின் பேரில் இல்லை. சித்தப்பாவின் லாரிக் கடனுக்கு ஜாமீன் நின்று அப்பாவின் பேர் எந்த பேங்கிலும் செல்லாமல் போயிருந்தது. தம்பி கோகிலன் கிரெடிட் கார்டை உரசியே தன் பேரைத் தேய்த்துவிட்டான். வீட்டில் மிச்சமிருந்த நல்ல பேர் காமினியுடையது ஒன்றுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள், மாதம் தவறாமல் சம்பளச் சீட்டு வருகிறவள். "பேர் மட்டும் கொடும்மா. பேருதான கேக்குறோம், கிட்னியா கேக்குறோம்?" என்று வேன் வாங்கிய அன்றைக்குச் சிரிக்க வைத்தவர் இதே சித்தப்பாதான்.

ஏப்ரல் மாதம் வந்தால் பாதித் தொழிற்சாலை அவள் மேசைக்கு முன்னால் வருமான வரிக்காக வரிசை பிடிக்கும். எதற்கு எவ்வளவு கழிவு என்று அவளுக்கு மனப்பாடம். அப்பாவின் இருதய மருத்துவச் செலவைக் காட்டித் தன் வரியையும் குறைத்திருக்கிறாள். வரி இலாகாவில் அப்பா அவளுடைய பாரத்தைக் குறைத்தார். பேங்கில் அவரே பாரம்.

போன வாரம்தான் பேங்கிலிருந்து போன் வந்தது. புக்கிட் மெர்தாஜாமில் அவள் முன்பணம் கட்டி வைத்திருந்த சின்ன வீட்டுக்குக் கடன் கிடைக்க வேண்டுமானால், மாதக் கடைசிக்குள் வேன் கடனை அடைக்க வேண்டும். முப்பத்தேழு வயதில் இன்னும் கூடத்தில் பாய் விரிக்கிறவள் அவள். அறை ஒன்றில் தம்பியும் குடும்பமும், மற்றொன்றில் அம்மாவும் அப்பாவும். உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னாள். அவர், "நம்ம மாடி ஹைருல் ரொம்ப நாளா இந்த வண்டியக் கேக்குறான். அவன்கிட்ட வித்து பேங்க் கடன அடச்சிடுறேன். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

பேசுவதற்குள் போய்விட்டார். அழுகைக்கு நடுவே காமினிக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதற்காகத் தன்மேலும் கோபம் வந்தது.

"யாரு வேன் இது? நகத்துங்க," என்று பிரேத வண்டிக்காரர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "பெட்டிய ஏத்த முடியாது."

அப்பா நிறுத்திய இடத்திலேயே வேன் வழியை அடைத்து நின்றது. எல்லாருடைய கண்ணும் பெட்டிக்குள் போயிற்று. தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் கூட நிறுத்திவிட்டார். கோகிலன் ஈர வேட்டியோடு தீச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். காமினி குனிந்து அப்பாவின் பைக்குள் விரலை விட்டாள். சட்டைக்குக் கீழே நெஞ்சு சில்லென்று கெட்டியாக இருந்தது. சாவி திருநீறோடு வந்தது.

"எடுத்தது எடுத்துட்ட. தம்பிகிட்ட குடுத்துடு," என்றாள் அம்மா. "அப்பாவோட வண்டி, இனிமே அவன் ஓட்டட்டும்."

"அப்பா இத ஹைருல்கிட்ட விக்கிறேன்னு சொன்னாரும்மா."

"எங்கிட்ட சொல்லலையே."

"அதான் கடன் வெட்டிருவானே," என்றார் சித்தப்பா. "சும்மா கெடைக்கிற வண்டிய எதுக்கு விக்கணும்?"

"வெட்ட மாட்டான் சித்தப்பா. கடன் எம்பேருல. பேங்குக்கு இன்னிக்கு யாரும் சாகல." குரல் அவளை மீறி உயர்ந்தது. "அவன் கணக்குப்படி சாவ வேண்டியது நான்தான்."

"பொணத்த வெச்சிக்கிட்டு பேசுற பேச்சாடி இது?" அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். யாரோ அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். பெண்கள் காமினியைப் பார்த்த பார்வையில் அவள் கூசிப்போனாள்.

"அப்படின்னா பேர் மட்டும் இருக்கட்டும்மா," என்றார் சித்தப்பா, குரலை இறக்கி. "மாசா மாசம் தம்பி கட்டுவான்."

"நான் கட்டுறேன்க்கா." கோகிலனின் கண்கள் சிவந்திருந்தன. "அப்பா மேல சத்தியமா."

மனசாரத்தான் சொன்னான். கிரெடிட் கார்டு வாங்கியபோதும் மனசாரத்தான் சத்தியம் செய்தான். ஆனால் அன்றைக்கு அப்பா இப்படி மாலையோடு பக்கத்தில் படுத்திருக்கவில்லை. காமினி சாவியோடு வெளியே நடந்தாள்.

வேனுக்குள் அப்பாவின் தைல வாசம் அடித்தது. ஓட்டுநர் இருக்கை அவருடைய நீண்ட கால்களுக்காகக் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அவள் கால் பெடலை எட்டவில்லை. கீழே இருந்த கம்பியைத் தூக்கி இருக்கையை முன்னே இழுத்துக்கொண்டாள். ஹைருல் பின்னால் நின்று கையசைத்தான். அதே மாடியில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரன், தமிழ் பேசினாலும் அக்காவை 'காக்' என்றுதான் கூப்பிடுவான்.

"வாங்க காக், வாங்க... போதும்."

பெட்டி ஏறியது. பிரேத வண்டி அவளைத் தாண்டிப் பத்து லஞ்சாங் சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது. முன்னால் தீச்சட்டியோடு உட்கார்ந்திருந்த கோகிலன் அவளைப் பார்த்தான். சாவியையும் பார்த்திருப்பான். காமினி ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள்.

ஹைருல் சற்றுத் தள்ளியே நின்றிருந்து, பிறகு ஜன்னலருகே வந்தான். "இப்ப பேசுற விஷயம் இல்ல காக். ஆனா அங்கிள் சொன்ன வெலைக்கு நான் ரெடி. மாசக் கடைசிக்குள்ள சொன்னா போதும்."

அவள் தலையாட்டினாள். சொல்லலாம். இப்போதே சொல்லலாம். வண்டி அவள் பேரில்தானே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும்?

அப்போது டேஷ்போர்டில் அப்பாவின் போன் அடித்தது. எடுத்தாள்.

"அண்ணே, மஹ்பூபா பேசுறேன். நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. கொஞ்சம் வெள்ளன வந்துருங்க. கேக்குதாண்ணே? வேன் வரும்ல?"

கூடாரத்தில் அம்மா பெட்டி இருந்த இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோகிலனின் மனைவி பக்கத்தில் வாளி பிடித்துக்கொண்டு நிற்க, அவனுடைய இரண்டு பிள்ளைகளும் ஈரத்தில் வழுக்கி விளையாடின. அம்மா துடைப்பத்தை நிறுத்தி நிமிர்ந்தாள். வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே?"

"வரும்க்கா," என்றாள் காமினி. "தம்பி வருவான்."

போனை வைத்தாள். ஹைருல் தன் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டிருந்தான். கோகிலனுக்கும் அப்பாவைப் போலவே நீண்ட கால்கள். அவள் குனிந்து கம்பியைத் தூக்கி, காலை ஊன்றி, இருக்கையை அது இருந்த இடத்துக்கே பின்னால் தள்ளினாள்.