பச்சைப் புடவையில் வானிலை

மேற்குத் தாம்பரத்தில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கேபிள் சேனலுக்கு ஒரே வாரத்தில் எல்லாம் மாறிப்போனது. 'வராகா விஷன்' என்ற பெயர் 'சவுத் பல்ஸ்' ஆனது. முதலாளி பூவராகனுக்கே புதுப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆனாலும் விளம்பரங்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துப் பயந்து, நுங்கம்பாக்கத்திலிருந்து மகேஷ் என்ற ஆலோசகரை அழைத்து வந்து, இனி எல்லாம் அவர் சொல்கிறபடிதான் என்று அறிவித்துவிட்டார். மகேஷும் சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி. லோகோவின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று ஒரு பகல் முழுக்க யோசிக்கக்கூடிய மனிதர்.

இந்த மாற்றத்தில் கழுத்துக்குக் கத்தி வந்தது புஷ்பலதாவுக்குத்தான். பல வருடங்களாகத் தினமும் சாயங்காலம் 'நம்ம ஏரியா' என்ற நிகழ்ச்சியை அவள் வாசித்து வந்தாள். நாளைக்கு எந்தத் தெருவில் மின்தடை, குடிநீர் லாரி எங்கே வரும், எந்தக் கல்யாண மண்டபத்து ஊர்வலத்தால் எந்த ரோடு அடைபடும், யாருடைய ஆடு காணாமல் போனது, யாருடைய குழந்தைக்குப் பிறந்தநாள், எல்லாம் அதில் வரும். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அவளை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது, 'கரண்ட் அக்கா' என்றால்தான் தெரியும். ஷேர் ஆட்டோவில் ஏறினால் யாராவது நகர்ந்து ஓரத்து இடம் கொடுப்பார்கள். அந்த மரியாதை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதை மறைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது.

'நம்ம ஏரியா'வை மகேஷ் முதல் கூட்டத்திலேயே தூக்கிவிட்டார். ஆட்டைத் தேடுகிற சேனலுக்கு எந்தக் கார் கம்பெனிக்காரன் விளம்பரம் தருவான் என்று கேட்டார். அந்த நேரத்தில் இனி விவாத மேடையாம். கூட்டம் முடிந்ததும் புஷ்பலதா கழிப்பறைக்குப் போய் அழுது முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பூவராகன் மனசு கேட்காமல் அவளுக்காக ஒரே ஒரு வாய்ப்பு கேட்டு வாங்கினார். தொடக்க நாளன்று நேரலையில் அவள் வானிலை சொல்ல வேண்டும். ஜனங்களுக்குப் பிடித்தால் திரையில் நீடிக்கலாம், இல்லையென்றால் கடை கடையாகப் போய் விளம்பரம் பிடிக்கிற வேலை.

வானிலைக்கென்று புதிதாக ஒரு பச்சைத் துணியைச் சுவரில் கட்டினார்கள். பச்சை தெரிகிற இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் வரைபடத்தை ஒட்டிவிடும் என்று கேமராவையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ளும் பிரிட்டோ விளக்கினான். ஒத்திகை நாளெல்லாம் மகேஷுக்கு ஒரே புலம்பல்தான்.

"மேடம், நீங்க தாம்பரத்தையே மறைக்கிறீங்க."

தள்ளி நின்றால் பள்ளிக்கரணை மறையும், இந்தப் பக்கம் வந்தால் குன்றத்தூர் மறையும். இந்த உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவள் நொந்துபோனாள்.

தொடக்க நாள் புதன்கிழமை. வெளியே ஐப்பசித் தூறல். பூஜை முடிந்ததும் முதலாளியின் மனைவி அங்காளம்மாள் ஊழியர்களுக்குப் புதுத்துணி கொடுத்தார். புஷ்பலதாவின் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு பட்டுப்புடவை, அதற்கேற்ற ரவிக்கை.

"புதன்கெழமைக்கி பச்சதான் ராசி. இத்த கட்டிகினு போய்தான் நீ நிக்கணும்."

சாமி முன்னால் வைத்துக் கொடுத்த புடவையை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் கட்டியிருந்த மெரூன் புடவையை மாற்றி அதைக் கட்டிக்கொண்டாள். மகேஷ் வாசலில் பேனர் கட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிரிட்டோ ஒயர்களுக்கு நடுவில் தலையை விட்டிருந்தான். ராகு காலம் வருவதற்குள் ஒளிபரப்பைத் தொடங்கியாக வேண்டும் என்று பூவராகன் அவசரப்படுத்த, பூசணிக்காயை உடைத்த கையோடு எல்லோரும் உள்ளே ஓடினார்கள். பச்சைத் துணிக்கு முன்னால் பச்சைப் புடவை நிற்கிறதே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அத்தனை பேரும் புடவை அழகாக இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

புது இசை முழங்கியது. புஷ்பலதா வணக்கம் சொல்லிவிட்டு எதிரே இருந்த டிவியைப் பார்த்தாள். அதில் அவளுடைய தலை மட்டும் இருந்தது. கொஞ்சம் தள்ளி இரண்டு கைகள் மிதந்தன. மிச்ச இடமெல்லாம் தென்சென்னைப் புறநகர், மேலே மேகங்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

பிரிட்டோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கதவோரம் வந்து நின்ற மகேஷின் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, நாளையிலிருந்து கடை கடையாக ஏற வேண்டியதுதான் என்று புஷ்பலதா நினைத்தாள். அடுத்த நொடி, தாம்பரத்தை மறைக்கிற தன் வயிற்றைத் திரையில் தேடினாள். அந்த இடத்தில் தாம்பரம் பளிச்சென்று தெரிந்தது. அவள் நட்டநடுவில் நின்றும் ஊர் மறையவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பயப்படாதீங்க, நான் முழுசாதான் இருக்கேன்," என்றாள் கேமராவைப் பார்த்து. "அம்மா குடுத்த புடவை கொஞ்சம் ஊரோட கலந்துடுச்சு. பரவால்ல, இதுலயே சொல்றேன்."

வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். அது குன்றத்தூர், முருகன் மலைக்குப் போகிறவர்கள் குடையோடு போகவும். இடது தோள் பள்ளிக்கரணை, சதுப்பில் தண்ணீர் ஏறுகிறது. கொசுவத்துக்குப் பக்கத்தில் பெருங்களத்தூர், ஊருக்குப் போகிற வண்டிகள் மடிப்பு மடிப்பாக மாட்டிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிளம்புங்கள். நடுவயிற்றில் தாம்பரம், இப்போதைக்குத் தூறல், மத்தியானம் கடமுடா என்று இடிக்கும். இதைச் சொல்லும்போது மிதக்கிற கையால் வயிற்றைத் தட்டினாள். உள்ளே யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள், அங்காளம்மாளாகத்தான் இருக்கும்.

முடிக்கச் சொல்லி பிரிட்டோ கைகாட்டினான். அவளுக்குள் ஒரு துணிச்சல் வந்திருந்தது. மின்வாரியத்து ஆள் பழக்கதோஷத்தில் அன்று காலையிலும் அவளுக்கு போன் செய்திருந்தார், அந்தச் சேதி நெஞ்சிலேயே உறுத்திக்கொண்டிருந்தது. முந்தானையை எடுத்து முகத்தோடு போர்த்தி, கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். புஷ்பலதா மறைந்தாள். ஊர் மட்டும் தெரிந்தது, சரிகைக் கரை ஒரு கோடாக அதன் குறுக்கே மினுங்கியது.

"நாளைக்குக் காலையில சேலையூர் பக்கம் கரண்ட் இருக்காது," என்றது குரல். "தண்ணி புடிச்சு வெச்சுக்குங்க."

ஒளிபரப்பு நின்றதும் முதலில் போன்தான் பேசியது. ஒன்றை வைத்தால் இன்னொன்று அடித்தது. கரண்ட் அக்கா மறுபடி எப்போது காணாமல் போவாள் என்று குழந்தைகள் கேட்டார்கள். சேலையூரிலிருந்து ஒருவர், எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாளே என்று கோபித்துக்கொண்டார். ஒரு கார் ஷோரூம்காரர்கூடக் கூப்பிட்டு விளம்பரம் பற்றி விசாரித்தார். அந்த அழைப்பை மகேஷே எடுத்தார். வைத்துவிட்டு எழுந்து அவளிடம் வந்தார்.

"அக்கா," என்றார். முதல் தடவையாக மேடம் போயிருந்தது. "நாளைக்கும் பச்சையே கட்டிக்குங்க."

"கட்டிக்கறேன் சார். 'நம்ம ஏரியா'வும் வேணும்."

மகேஷ் பூவராகனைப் பார்த்தார். பூவராகன் புது லோகோவைப் பார்த்தார். கடைசியில் வானிலையோடு 'நம்ம ஏரியா'வும் சேர்ந்தே வரட்டும், விவாத மேடை வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்று முடிவானது. புஷ்பலதா மறுபடியும் கழிப்பறைக்குப் போய் அழுதாள். இந்த முறை முகம் கழுவ மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை பெருங்களத்தூரில் அவள் வாடிக்கையாக மீன் வாங்கும் எல்லம்மா, கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பம்மலிலிருந்து வருகிறவள், பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

"இன்னாம்மா, நேத்து ஒடம்பு பூரா நம்ம ஊரா இர்ந்திச்சே. எங்க வூட்ல எல்லாம் வுழுந்து வுழுந்து சிரிச்சிச்சிங்க." பிறகு அவள் முகம் மாறியது. "ஆனா எங்க பம்மல மட்டும் காட்டவே இல்ல. கரெக்டா உன் மூஞ்சியாண்ட வந்து மறைஞ்சி பூட்ச்சி. நீ முந்தானிய போத்திக்கினப்பகூட சரிகதான் மேல கெடந்திச்சி."

புஷ்பலதா மனசுக்குள் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். உண்மைதான், தாம்பரத்துக்கு வடக்கே பம்மல், சரியாக மூக்குத்திக்குப் பின்னால். நிஜமாகவே வருத்தமாகிவிட்டது அவளுக்கு.

"மன்னிச்சுக்க எல்லம்மா," என்றாள். "இன்னிக்கு பம்மல் வரும்போது நான் குனிஞ்சுக்கறேன்."