பாடியில் காத்திருந்த இரும்பு

"உங்க அப்பாகிட்ட நீ எதையும் கேக்கக் கூடாது, சௌந்தரி. நான் உன்கிட்ட கேக்குறது இது ஒண்ணுதான்."

"எதையும்னா? கிறிஸ்துமஸுக்குப் புடவை?"

"கேக்கக் கூடாது."

"தாகமா இருக்குதுன்னு ஒரு டம்ளர் தண்ணி?"

"விளையாடாதே. வாயைத் திறந்து எதையும் கேக்க மாட்டேன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணு."

ஞானசௌந்தரி சிரித்துக்கொண்டே இக்னேஷியஸின் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள். கொரட்டூர் ஏரிக்கரை. 1983. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடன் படித்த ஒருத்திக்கு, ஸ்கூட்டர் வரவில்லை என்று கல்யாணத்தையே தள்ளிப்போட்டிருந்தார்கள். தன் கணவர் எதையும் கேட்காததோடு, கேட்கவும் விடாதவர் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் கையை விடவே இல்லை.

அடுத்த வருஷம் கொரட்டூரில் வாங்கியிருந்த மனையில் சுவர் எழும்பியது. இக்னேஷியஸ் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் கிளார்க். சுவர் வரைக்கும்தான் கையிருப்பு வந்தது. கூரைக்கு என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு காலை மீன்பாடி வண்டியில் நாலு இரும்பு ட்ரஸ், கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்கள், வந்து வாசலில் இறங்கின. பின்னாலேயே சைக்கிளில் சௌந்தரியின் தகப்பனார் வேதமுத்து வந்தார். பாடியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். சுவருக்குச் சுவர் இருந்த இடைவெளியை யாருக்கும் சொல்லாமல் அளந்துகொண்டு போய், இரும்பு ஆங்கிள் பட்டைகளை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு ட்ரஸ்ஸின் உச்சியிலும் விரல் நீளத்துக்கு ஒரு சிலுவையும் வைத்திருந்தார்.

"வேணாம் மாமா," என்றார் இக்னேஷியஸ். "எங்க அண்ணன் மரவாடியிலேர்ந்து மரம் குடுக்குறாரு. வீட்டுக்கு மரம்தான் அழகு. இரும்பு வெயில்ல கொதிக்கும்."

"கொதிக்கும், வாஸ்தவம். ரெண்டு வருசத்துக்கு ஒரு தபா பெயிண்ட்டும் அடிக்கணும். அத்தோட செலவு முடிஞ்சுது மாப்ளே. மரம் அப்டி இல்ல. நீங்க குடி வந்தப்புறம்தான் அது காசு கேக்க ஆரம்பிக்கும்."

"எங்க அண்ணன் காசு கேக்க மாட்டாரு."

"நான் மரத்தைச் சொன்னேன்."

"மாமனார் போட்ட கூரைன்னு நாலு பேர் சொல்ல வேணாம் மாமா. எடுத்துட்டுப் போயிடுங்க."

பக்கத்து மனையில் கல் அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேதமுத்து மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"செரி. இனிமே நானா எதையும் தூக்கினு வர மாட்டேன். எம் பொண்ணு வாயைத் தொறந்து கேட்டா, அப்ப வரேன்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரனோடு சேர்ந்து நாலையும் மறுபடி ஏற்றினார்.

புருஷன் ஒரு பக்கமும் தகப்பன் ஒரு பக்கமுமாகத் தன் வாயை இழுத்துக் கட்டிவிட்டார்கள் என்பது சௌந்தரிக்கு அன்றைக்குப் புரியவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, முதல் நாலு வருஷம் வீடு அழகாகத்தான் இருந்தது. இக்னேஷியஸின் அண்ணன் அந்தோணிராஜ் தன் பூந்தமல்லி மரவாடியிலிருந்து உத்திரமும் கைமரமும் கல்யாணப் பரிசு என்று சொல்லி இலவசமாகவே அனுப்பினார். மேலே மங்களூர் ஓடு. மே மாதத்து மத்தியானத்தில்கூட உள்ளே குளுமை. ஆவடியிலிருந்து வரும் நண்பர்களிடம் இக்னேஷியஸ் நடுத்தூணைத் தட்டித் தட்டிக் காட்டுவார். மகள் அருள்செல்வி அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கப் பழகினாள்.

ஐந்தாம் வருஷ மழையில் ஏரி நிறைந்து, வீட்டைச் சுற்றி ஈரம் நின்றது. சுவரில் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி ஒரு மண் தடம் மேலே ஏறியது. கரையான். இக்னேஷியஸ் ஏணி போட்டு ஏறி, மண்ணெண்ணெயும் தாரும் பூசினார். முதல் கைமரத்தை அண்ணன் சும்மா மாற்றிக் கொடுத்தார். அடுத்ததற்கு அசல் விலை. அதற்கடுத்த வருஷம், "அண்ணன் தம்பி வேற, யாவாரம் வேறடா" என்று சிரித்தபடி கணக்கு எழுதினார். தச்சன் கூலி, மருந்து, மாற்றும்போது உடைந்த ஓடுகள் எல்லாம் தனி.

செல்வியை அம்பத்தூர் கான்வென்ட்டில் சேர்க்க வைத்திருந்த சீட்டுப் பணம் கைமரமானது. சௌந்தரியின் வளையல்கள் உத்திரமாயின. மழைக்காலத்தில் ஓடு நகர்ந்து ஒழுகுவதால் கட்டிலை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

"அம்மா, இன்னிக்குக் கட்டிலு எந்த ஸ்டேஷன்ல நிக்குது?" என்பாள் செல்வி.

"வில்லிவாக்கம் தாண்டிடுச்சு. கொரட்டூர்ல சிக்னல் விழல."

மூன்று பேரும் சிரிப்பார்கள். இக்னேஷியஸ்தான் அதிகம் சிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை. குடியில்லை, அதட்டலில்லை, தூக்கம் விழித்து வாளியை மாற்றி வைப்பவரும் அவர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் சௌந்தரி என்றைக்கோ வாயைத் திறந்திருப்பாள். "தப்புப் பண்ணிட்டேன்" என்ற ஒரு சொல்லை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லாமலிருக்க ஒவ்வொரு வருஷமும் ஒரு மரம் வாங்கினார்.

பாடிக்குப் போகும்போதெல்லாம் பட்டறையின் மதில்மேல் அந்த நாலு ட்ரஸ்ஸும் சாய்ந்திருப்பதை அவள் பார்ப்பாள். ஒவ்வொரு டிசம்பரிலும், கிறிஸ்துமஸுக்கு முன்னால், வேதமுத்து அவை துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்ஸைடு பூசுவார். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. அவள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "வேற எதுனா வேணுமா கண்ணு?" என்று கேட்பார்.

"ஒண்ணும் வேணாம் நைனா" என்பாள்.

1994 டிசம்பரில் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்து, கூடத்து உத்திரத்தில் நட்சத்திரம் தொங்கவிட ஸ்டூல்மேல் ஏறினாள். சுத்தியலைச் செல்வி எடுத்துவருவதற்குள் ஆணியை வைத்துச் சும்மா அழுத்திப் பார்த்தாள். ஆணி உள்ளே போய்விட்டது. வெண்ணெயில் போவது மாதிரி, கட்டைவிரல் அழுத்தத்துக்கே தலைவரை இறங்கியது. பிடுங்கியபோது மாவு மாதிரித் தூள் கொட்டி, கீழே அண்ணாந்து நின்ற செல்வியின் தலைமுடியெல்லாம் வெளுத்தது. அந்த உத்திரத்துக்கு நேர் கீழேதான் அவள் தினமும் உட்கார்ந்து படிப்பாள்.

இக்னேஷியஸ் வந்து அண்ணாந்து பார்த்தார். "அண்ணன்கிட்ட சொல்லி வேற உத்திரம் வாங்கிடலாம். ஞாயித்துக்கிழமை எப்படியும் பூந்தமல்லி போறோமே" என்றார்.

அந்தோணிராஜ் மரவாடியைப் பெரிதாக்கிப் புது ஷெட் கட்டியிருந்தார். அதற்கு மந்திரிப்பு. சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தபோது எல்லோரையும் போல் சௌந்தரியும் மேலே பார்த்தாள். ஷெட் முழுக்க இரும்பு. மரம் என்று ஒரு குச்சிகூட இல்லை. முன்பக்க ஆபீஸ் அறைக்கு மேலே மட்டும் கொஞ்சம் சின்னதாக நாலு ட்ரஸ். ஒவ்வொன்றின் உச்சியிலும் விரல் நீளத்துக்கு ஒரு சிலுவை.

"இன்னா சௌந்தரி, மேலயே பாத்துகினு கீறே?" என்றார் அந்தோணிராஜ், பிரியாணிப் பொட்டலத்தை நீட்டியபடி. "ஆபீஸ் ரூம் கூரை உங்க நைனா வேலைதான். ரெடியா வெச்சிருந்தாரு. போய்க் கேட்டேன், குடுத்துட்டாரு."

"மரவாடிக்கு மரம் போடலியா மாமா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மரம் விக்கிறதுக்கும்மா. போட்டுக்கினா வருசா வருசம் எவன் மாரடிக்கிறது? இரும்பைப் போட்டோமா, பெயிண்ட் அடிச்சோமா, நிம்மதியா தூங்கினோமான்னு இருக்கணும். இன்னா இக்னேஷியஸு?"

இக்னேஷியஸும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் சௌந்தரியால் தாங்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "பாத்தீங்களா?"

"எதை?"

"உங்க அண்ணன் கூரையை."

"அவரு வியாபாரி. அவருக்கு இரும்பு சரி. குடியிருக்கிறவங்களுக்கு மரம்தான் அழகு." டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "உத்திரத்தை விலை குறைச்சுத் தரேன்னிருக்காரு. உன் தோட்டை வெச்சா போதும். மார்ச்ல மீட்டுடலாம்."

அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பாடியில் பஸ் நின்றதும் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "சௌந்தரி, நம்ம ஸ்டாப் இன்னும் வரல" என்று கூவியபடி இக்னேஷியஸ் பின்னால் குதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறையில் வேலை இல்லை. வேதமுத்து வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாம்மா. வாங்க மாப்ளே. இன்னா, குடும்பத்தோட வந்துகீறீங்க?" என்று எழுந்தார்.

அவள் மதிலைப் பார்த்தாள். ட்ரஸ் சாய்ந்திருந்த இடத்தில், பத்து வருஷம் பூசியபோது வழிந்த ரெட் ஆக்ஸைடு, நாலு சிவப்புக் கோடுகளாகக் காய்ந்திருந்தது.

"அது எனக்குப் பண்ணது நைனா."

"உனக்குத்தான் பண்ணேன். அளவு உன் ஊட்டு அளவு." தம்ளரைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு தபாவும் வேற எதுனா வேணுமான்னு கேட்டேன். இன்னிக்குக் கேப்பே, நாளைக்குக் கேப்பேன்னு பூசிப் பூசி வெச்சேன். மாப்ளே அண்ணன் வந்தாரு. வாயைத் தொறந்து கேட்டாரு. நான் யாருக்கும்மா குடுக்கிறது? கேட்டவனுக்குத்தானே?"

"சௌந்தரி, கிளம்பு" என்றார் இக்னேஷியஸ். அவள் முழங்கையைப் பிடித்தார். அழுத்தமாக இல்லை, மெதுவாகத்தான். "அன்னைக்கு ஏரிக்கரையில நீ என் கையில அடிச்சுக் குடுத்தது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குது. அன்னைக்கு உங்ககிட்ட ஆசை ஆசையா அடிச்சேன்."

"அப்புறம் என்ன? வா, போகலாம்."

செல்வி அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். காதோரத்து முடியில் இன்னும் கொஞ்சம் மரத்தூள் இருந்தது. இரண்டு முறை தலைக்குக் குளித்தும் போகாத தூள்.

வேதமுத்து வழக்கம்போல வழியனுப்ப ரெண்டடி கூடவே வந்தார். பழக்கதோஷத்தில், எந்த நம்பிக்கையும் இல்லாத குரலில் கேட்டார். "வேற எதுனா வேணுமா கண்ணு?"

சௌந்தரி தன் முழங்கையிலிருந்து கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"வேணும் நைனா. எனக்கும் இவளுக்கும் தலைக்கு மேல ஒரு இரும்புக் கூரை வேணும். கொரட்டூர்ல வேணாம். இங்கயே, உன் பட்டறைக்குப் பின்னால போட்டுக் குடு."