முந்நூற்றுப் பன்னிரண்டு குரல்கள்

ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடிப்பது அவன் வேலை. அவன் வெளிநாட்டில் இந்த வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் ஊரில் மகள் பிறந்தாள். இன்னும் ஒருமுறைகூட அவளைத் தூக்கியதில்லை. பிறந்த அன்றைய அழுகையிலிருந்து நேற்றுப் பாடிய பாட்டு வரை, மனைவி அனுப்பிய முந்நூற்றுப் பன்னிரண்டு குரல்பதிவுகள் அவனுடைய ஆண்ட்ராய்டு ஃபோனில் இருந்தன. வேறெங்கும் இல்லை. மனைவி தன் ஃபோனில் இடம் போதாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தாள். அவன் ஃபோனோ கீழே விழுந்து, பாதித் திரை கறுத்து, இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது.

இஸ்திரி போடும் நெட்டை அண்ணன் தன் பழைய ஐஃபோனைக் கொடுத்தார். "ரெண்டையும் பக்கத்துல வச்சிட்டு சும்மா இரு. அதுவா மாறிக்கும்."

காலையில் மனைவியிடம் சொன்னான். "ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுப் பக்கம் வந்துராதீங்க," என்றாள் அவள்.

சாப்பாட்டு இடைவேளையில் மாற்றத் தொடங்கினான். இரும்பு மேசை சில்லென்று இருந்தது. மனசு கேட்கவில்லை. உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்த துண்டை நாலாய் மடித்து, அதன்மேல் இரண்டையும் படுக்கவைத்தான்.

பாதியில் பழைய ஃபோன் கொதித்துப்போய் அணைந்தது.

"முட்டையாடா இது? அடை வச்சிருக்க?" என்றார் அண்ணன்.

"போயிருச்சாண்ணே?" என்றான் அவன்.

"ஆறட்டும் இரு."

அண்ணன் துண்டை உருவிவிட்டு இரண்டையும் வெறும் இரும்பில் வைத்தார். கால் மணி நேரம் கழித்துப் பழையது கண் திறந்தது. மறுபடி முதலிலிருந்து.

இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கம்பி கிடையாது, சத்தம் கிடையாது. அந்த வெறுமைக்குள்தான் மகள் அழுததும், சிரித்ததும், முதன்முதலில் 'ப்பா' என்றதும் போய்க்கொண்டிருந்தன. அங்கே விரலை நீட்டப் போனவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். பிள்ளை நடந்து போகிற வழி.

முடிந்தது. முதல் பதிவைத் தொட்டான். அண்ணன் இஸ்திரி இயந்திரத்தை நிறுத்தினார். பிறந்த குழந்தையின் வீறல் கூடம் முழுக்க எழுந்தது. கடைசிவரை உருட்டிப் பார்த்தான். முந்நூற்றுப் பன்னிரண்டும் இருந்தன.

அப்போது ஒன்று புதிதாக வந்து விழுந்தது.

"அப்பா, நான் புது ஃபோனுக்கு வந்துட்டேனா?"

"வந்துட்டடா தங்கம்," என்றான் அவன், பதிவுப் பொத்தானை அழுத்தவே மறந்து.