வாய்க்கு முந்திய பாட்டு

தகரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் அண்ணன்தான். தகர டப்பாவைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு குரல். சலவைக் கடைக்குக் கீழே, சோப்பு நாற்றம் பிடித்த நிலவறையில் அண்ணன் டிரம் அடிப்பான், இவள் தொண்டை கிழியக் கத்துவாள். கேட்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வந்தவன் அடுத்த தடவையும் வந்தான்.

அண்ணனிடம் ஒரு கோளாறு. பல்லவி திரும்பி வந்தால் போதும், கை நிற்காது, தாளம் ஓட ஆரம்பித்துவிடும். இவளோ அவன் வலது காலைப் பார்த்துத்தான் மூச்சே எடுப்பாள். அவன் ஓடினால் இவளும் ஓடுவாள். கூட்டம் எகிறிக் குதிப்பதே அந்த இடத்தில்தான்.

அப்புறம்தானே வந்தது ரெக்கார்டு கம்பெனி, வேலியில் போன ஓணான்! தகரத்தைத் தேய்த்து மெழுகி, பாட்டை மெஷினில் அளந்து வெட்டி ஒட்டினார்கள். டிரம்மும் மெஷின்தான். பாட்டு ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. லிஃப்டுக்குள் அது, செருப்புக் கடையில் அது, பல் டாக்டர் வீட்டு வாசலிலும் அதே எழவு. முதல் தடவை கேட்டபோது, தன் பிரஷ்ஷை எடுத்து யாரோ பல் தேய்த்துவிட்டு வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

ஆனால் நிலவறையிலேயே ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "நீ இல்லாம பெரிய மேடை ஏறவே மாட்டேண்ணா."

கம்பெனி பெரிய மேடைக்கு நாள் குறித்தபோது, மேனேஜர் அந்த வாக்குக்கும் வழி வைத்திருந்தான். "அண்ணன் தாராளமா வரட்டும் மேடம். உக்காரட்டும், அடிக்கட்டும். அவர் மைக் ஒயரை மட்டும் எங்கயும் சொருக மாட்டோம். ஜனங்களுக்கு ரெக்கார்டு போகும், நீங்களும் வாயசைச்சா போதும். அவர்கிட்ட சொல்ல வேணாம், பாவம்."

பாவமாம்! த்தூ! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு இரக்கம் வேறு. ஆனால் தலையாட்டியது யார்? இவள்தானே. சொன்னால் அண்ணன் வர மாட்டான். அவன் வராவிட்டால் வாக்குப்படி இவளும் ஏறக்கூடாது. ஏறாமலிருக்க இவளுக்கு மனசு வரவில்லை.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான் அண்ணன். "ஏ தகரம், இத்தனை மைக்கும் எனக்கா?"

"எல்லாம் உனக்குத்தாண்ணா."

பாட்டு ஆரம்பித்தது, பல்லவி திரும்பி வந்தது, அண்ணன் வழக்கம்போல ஓடினான். பாழாய்ப்போன பழக்கம், இவள் அவன் காலைப் பார்த்து மூச்செடுத்து, கூடவே ஓடி, வரியை முடித்து வாயையும் மூடிவிட்டாள். ஸ்பீக்கரில் அவள் குரல் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் திகைத்துப்போய்க் கையை நிறுத்தினான். டிரம் நிற்கவில்லை.

அவன் குனிந்து மைக் ஒயரைப் பிடித்து இழுத்தான். டேப் சுற்றிய நுனி கையோடு வந்தது.

கூட்டமா? ஒரு ஈ காக்கைகூடக் கவனிக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மேனேஜர் ஓடி வந்தான். "சூப்பர் மேடம்! வாயை மூடிக்கிட்டு ஒரு முறை முறைச்சீங்களே, செம ஸ்டைல்! அடுத்த ஷோவுலயும் வச்சுக்கலாம்."

அண்ணன் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ணா."

"சொன்னா வர மாட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"மேடைக்கு வந்திருக்க மாட்டேன்தான்." குச்சிகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "கீழ கூட்டத்துல நின்னு உனக்குக் கை தட்டியிருப்பேன்டி."

அவள் பதில் சொல்வதற்குள் வெளியே "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். யாரோ பட்டனைத் தட்டிவிட்டான். காலி மேடையில் அவள் குரல் பாட ஆரம்பித்தது.

"ஓடுங்க மேடம், ஓடுங்க!"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் கால் ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டே ஓடினாள். வெளிச்சம் முகத்தில் பட்டதும் கையை எடுத்துவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து சரியாக வாயசைத்தாள்.