தையற்காரி உட்கார்ந்த வயல்

தையற்காரி ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அவளைச் சுற்றிக் களை முளைக்கும். சிமெண்டுத் தரையானாலும் சரி, மாடியானாலும் சரி. பதினோரு வருடத்தில் ஒன்பது வீட்டுக்காரர்கள் அவளைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஒன்பதாவது ஆள் மட்டும் சாமான் ஏற்ற ஒரு கை கொடுத்தார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஊர் சொன்னது. சக்கரத்தைக் கட்டிவிட்டதே ஊர்தான்.

அவளைக் கல்யாணம் செய்துகொண்ட பம்புசெட் மெக்கானிக்கிடம் மூன்று ஏக்கர் செத்த நிலம் இருந்தது. அதில் போட்ட உரத்தை விழலுக்கு இறைத்த நீர் என்றுகூடச் சொல்ல முடியாது, விழலே முளைக்கவில்லை. அவர் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் வயலில் வைத்து, மேலே தார்ப்பாய் கட்டினார். அவள் தைத்தாள். இருபது நாளில் களை இடுப்பளவு நின்றது. பூ விடுவதற்குள் அதை மண்ணுக்கே உரமாக மடக்கி உழுதுவிட்டு, மெஷினை அடுத்த பாத்திக்கு நகர்த்தினார். பூத்தால் தண்டு முற்றிவிடும், விதை விழுந்தால் ஏழு வருடத்துக்குத் தொல்லை என்பார். இப்படியே ஆறு வருடம். மண் கறுத்தது, மண்புழு வந்தது, சோளம் ஆளுயரம் நின்றது. அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஒரே சட்டைக்குக் காலர் ஒரு பாத்தியில், கை இன்னொரு பாத்தியில். தன்னைச் சுற்றி முளைத்ததில் ஒரு பூவைக்கூட அவள் பார்த்ததில்லை, அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பக்கத்து வயல்காரர் வந்தார். "தங்கச்சிய நம்ம வயல்லயும் ஒரு மாசம் உட்கார வைங்களேன்" என்றார், டிராக்டர் கேட்பதுபோல. "அதுக்கென்ன, கூட்டிட்டுப் போங்க" என்றார் மெக்கானிக். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் இங்கயேதான் இருக்கப் போறேன். பூக்கட்டும்."

"விதை விழுந்தா ஏழு வருஷத்துக்கு ஓயாதும்மா."

"ஆறு வருஷமா நான் ஓயலையே."

மெக்கானிக் டிராக்டரைக் கிளப்பி அவளை நோக்கி வந்தார். பத்தடி தள்ளி நிறுத்தி, இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். களை பூத்தது. எள்ளளவு மஞ்சள் பூ, வாசனை கிடையாது. அவள் அழுதாள். விதையைக் காற்று மூன்று ஏக்கருக்கும் கொண்டுபோனது.

சோளம் அறுத்து நிலத்தைச் சும்மா போட்டபோது, யாரும் உட்காராமலே வயல் முழுக்கக் களை எழுந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு பார்த்தார். ஒரு மூலையை விதைக்கு விட்டுவிட்டு மற்றதைப் பூக்குமுன் மடக்கி உழுதார். அடுத்த சோளம் முன்னைவிட நன்றாக வந்தது. பக்கத்து வயல்காரர் சாக்கோடு வந்து களை விதை வாங்கிப்போனார்.

மெஷின் இப்போது வீட்டுக்குள் ஜன்னலோரம் இருக்கிறது. துணி கொடுக்க வருகிறவர்கள் முழங்கால் உயரக் களையை விலக்கிக்கொண்டு அவளிடம் போகிறார்கள். அவள் உட்கார்ந்தபடியே அளவெடுக்கிறாள். தோள் அளவுக்கு அவர்கள்தான் குனிய வேண்டும்.